குடித்தவனுக்குக் கொடுத்த மன்னிப்பு

(மதுரை கோரிப்பாளையத்தில் நடந்த மகளிர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு நோட்டீஸ் கொடுக்கப் போன நம் பிள்ளைகளை ஒரே கேள்விதான் தெருத்தெருவாக மறித்திருக்கிறது. "பொம்பளப் பிள்ளைகளே பார்ல போய்க் குடிச்சிட்டுச் சலம்பல் பண்ணுதுக, அதப் பத்திப் பேசுவீங்களா?" பேசுகிறேன். அதைப் பேசத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

உங்கள் கைப்பேசிக்கும் அப்படி ஒரு வீடியோ வந்திருக்கும். ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு பார். போதையில் இரண்டு மூன்று பெண்கள் ஒருத்தி முடியை ஒருத்தி பிடித்து இழுக்கிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறார்கள், தடுக்க வந்த காவலாளியைத் தள்ளுகிறார்கள். யார் எடுத்தது, எந்த வருஷம் எடுத்தது, சண்டை எதில் ஆரம்பித்தது என்று ஒரு தகவலும் இருக்காது. கலாச்சாரம் சீரழிந்துவிட்டது என்று கீழே ஒரு வரி மட்டும் இருக்கும். பார்த்தவர் கொதிக்கிறார். கொதித்த கையோடு இன்னும் நாலு குரூப்புக்கு அனுப்புகிறார்.

அந்தப் பெண்கள் செய்தது சரியா? தப்பு. அதில் எனக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது. பாட்டிலைத் தூக்கி அடித்தால் மண்டை உடையும். அடித்தது வளையல் போட்ட கை என்பதற்காகத் தையல் ஒன்று குறையாது. பொது இடத்தில் குடித்துவிட்டு அலப்பறை செய்தால் பாரதிய நியாய சன்ஹிதா 355-ஆம் பிரிவு 24 மணி நேரம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லாவிட்டால் சமூக சேவை என்கிறது. அடிதடிக்குத் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. எந்தப் பிரிவும் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. "போதையில் என்ன செய்தேன் என்றே தெரியவில்லை" என்ற சமாதானமும் அங்கே எடுபடாது. ஒருவருக்குத் தெரியாமல் கலந்து கொடுத்திருக்க வேண்டும், அல்லது அவர் விருப்பத்துக்கு எதிராகக் குடிக்க வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சமாதானத்தைச் சட்டம் காதில் வாங்கும். தானாகக் காசு கொடுத்து வாங்கிக் குடித்தவருக்கு அது கிடையாது. 1860-ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இருந்த விதி இது.

சட்டப் புத்தகத்தில் இப்படி. நம் வீட்டில்? நம் தெருவில்? அங்கே நடப்பது வேறு சட்டம். "அவன் தங்கமான பயம்மா, தண்ணி போட்டாத்தான் இப்படி." "காலையில பாரு, பூனை மாதிரி இருப்பான்." "ஆம்பள, நாலு இடம் போறவன், கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பான்." இந்த வாக்கியங்களைச் சொல்லாத வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை இருக்கும்? மாமியார் சொல்கிறார், பெற்ற தாய் சொல்கிறார், பஞ்சாயத்துப் பேச வந்த பெரியவர் சொல்கிறார். சில நேரம் அடிபட்டவளே சொல்கிறாள். தலைமுறை தலைமுறையாக நாம் குடித்தவனுக்குக் கொடுத்து வைத்திருக்கிற மன்னிப்பு இது. இன்றைக்கு என் சண்டை இந்த மன்னிப்போடுதான்.

இங்கிருந்து பனகல் சாலையில் கொஞ்ச தூரம் போனால் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரின் பெயர் தாங்கிய ஆஸ்பத்திரி. மதுக்கடை மூடுவது ராத்திரி பத்து மணிக்கு. அதற்குப் பிறகு அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் நின்று பாருங்கள். ஒரு சனிக்கிழமை நான் நின்றேன். ஆட்டோ மேல் ஆட்டோவாக வருகிறது. டூவீலரோடு சாய்ந்தவன், நண்பனிடமே அடி வாங்கியவன், ரத்த வாந்தி எடுக்கிறவன். நடுவில் ஒரு பெண். இடது புருவத்துக்கு மேலே பிளந்திருந்தது. முந்தானையைச் சுருட்டி அழுத்திப் பிடித்திருந்தாள். விபத்துப் பதிவேடு எழுத வந்த டாக்டர், "எப்படிம்மா ஆச்சு?" என்றார். "படியில தவறி விழுந்துட்டேன் சார்." இடுப்பில் இருந்த பையன் "அப்பா..." என்று ஆரம்பித்தான். மற்றக் கையால் அவன் வாயைப் பொத்தினாள்.

சுற்றி இருபது முப்பது பேர் நின்றோம். எல்லோர் கையிலும் போன் இருந்தது. அவளை அடித்தவனைத் தேடி எந்த கேமராவும் போகவில்லை. அவன் சலம்பல் இந்த ஊரில் செய்தியே இல்லை.

குடிகாரனுக்கு ஒன்றும் தெரியாது என்கிறீர்களே, தாய்மார்களே, ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். பெண்டாட்டியைச் சுவரோடு வைத்து அறைகிறவன், தெருமுனையில் எஸ்.ஐ. வண்டி நின்றால் என்ன செய்கிறான்? சட்டைப் பொத்தானைப் போடுகிறான். "ஐயா, வீட்டுக்குத்தான் போறேங்கய்யா" என்கிறான். அதே போதைதான், உள்ளே போனது அதே குவார்ட்டர்தான். யாரை அடித்தால் கேள்வி வராது என்பது மட்டும் அவனுக்கு எந்தப் போதையிலும் மறப்பதில்லை.

இது நான் மட்டும் சொல்கிற விஷயமும் இல்லை. 1969-ல் மக்ஆண்ட்ரூ, எட்கர்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், உலகத்தில் வெவ்வேறு சமூகங்கள் குடித்தால் எப்படி நடந்துகொள்கின்றன என்று திரட்டி ஒரு புத்தகம் எழுதினார்கள். சில இடங்களில் மூக்குமுட்டக் குடித்தாலும் சண்டையே வருவதில்லை. சில இடங்களில் ஒரு சொட்டு உள்ளே போனதும் கத்தி வருகிறது. குடித்தால் எதுவரை போகலாம் என்று ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறதோ, அதுவரை போகிறார்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. மூளையைச் சாராயம் பாதிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நிதானிக்கிற பகுதியை அது மந்தமாக்குகிறது, எதிரே இருப்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்க விடாமல் செய்கிறது. ஆனால் கையை ஓங்கலாம் என்கிற அனுமதி பாட்டிலுக்குள் இருந்து வருவதில்லை. அது நம்மிடமிருந்து போகிறது.

அப்படியென்றால் பாரில் சலம்பல் செய்கிற பெண்ணுக்கு அதைக் கற்றுக் கொடுத்தது யார்? அவள் தாய் கற்றுக் கொடுக்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது என்ன? குடித்தவன் குரல் உயர்ந்தால் வீடே அடங்கிப் போவதைப் பார்த்தாள். கதாநாயகனுக்குக் காதல் தோற்றால் டாஸ்மாக்கில் ஒரு பாட்டு, கோபம் வந்தால் பாட்டிலை உடைத்து ஒரு சண்டை, தியேட்டரில் விசில். குடித்தால் ஏழரையைக் கூட்டலாம், மறுநாள் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள் என்று அண்ணனும் தம்பியும் வாழ்ந்து காட்டினார்கள். ஒரு சில பெண்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாம் ஆம்பளைக்கு எழுதிக் கொடுத்த மன்னிப்பில் தனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துவிட்டார்கள். அவர்களுக்குப் பங்கு கொடுக்காதீர்கள் என்று கத்துகிறவர்களிடம் நான் சொல்கிறேன்: யாருக்குமே கொடுக்காதீர்கள்.

இனி அளவைப் பேசுவோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 விழுக்காட்டினர் குடிக்கிறார்கள். பெண்களில் 0.3 விழுக்காடு. ஆயிரம் ஆண்களில் 254 பேர், ஆயிரம் பெண்களில் மூன்று பேர். பெண்கள் மறைத்திருப்பார்கள் என்பீர்கள். சரி, பத்து மடங்கு மறைத்தார்கள் என்றே வையுங்கள். முப்பது வரும். மூன்று பேரைப் பார்த்து ஊரே கலாச்சாரம் பேசுகிறது. 254 பேரைப் பற்றிப் பேச்சில்லை.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். நாடு முழுவதும் எடுத்த கணக்கில், அடிக்கடி போதையில் வருகிற கணவனோடு வாழும் பெண்களில் 70 விழுக்காட்டினர் அடியோ பாலியல் வன்முறையோ பட்டிருக்கிறார்கள். குடிக்காத கணவன் வீட்டில் அது 23 விழுக்காடு. அந்த 23-ஐ விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை. ஒரு சொட்டுத் தொடாமலும் அடிக்கிறான். அந்த வீட்டில் தண்ணியைச் சாக்குச் சொல்லக்கூட வழியில்லை. கடை ஒழிந்தால் எல்லாம் ஒழியும் என்று நினைக்கிற நம் தோழர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது, கலாச்சாரத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். 2009 ஜனவரி 24, மங்களூர். ஒரு மதுக்கூடத்துக்குள் ஸ்ரீராம சேனை ஆட்கள் புகுந்தார்கள். அங்கே இருந்த பெண்களைத் துரத்தித் துரத்தி அடித்தார்கள். கீழே தள்ளினார்கள். அந்தப் பெண்கள் யாரையும் அடிக்கவில்லை. உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். டி.வி. கேமரா எல்லாவற்றையும் படம் பிடித்தது, தேசமே பார்த்தது. 2018 மார்ச்சில் போதிய சாட்சியம் இல்லை என்று அந்தச் சேனையின் தலைவர் முத்தலிக் உட்பட அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலை ஆனார்கள். 2012 ஜூலை, குவஹாத்தி. ஒரு பாரில் வாக்குவாதம், ஒரு இளம்பெண் வெளியே வந்தாள். நடுச்சாலையில் ஒரு கும்பல் அவளைச் சூழ்ந்து இழுத்தது, துணியைப் பிடித்துக் கிழித்தது. அதையும் ஒரு கேமரா நிதானமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த வழக்கில் அதே ஆண்டு டிசம்பரில் 11 பேருக்குத் தண்டனை கிடைத்தது. அன்றைக்கு அந்தச் சாலையில் ஆத்திரத்தோடு ஆடியவர்கள் யார்? "பாருக்கு ஏன் போனாள்?" என்று கேட்ட நாக்குகள் யாரைக் காப்பாற்றின?

"சரி அக்கா, பெண்களுக்கு மட்டும் விற்காதே என்று ஒரு சட்டம் போட்டுவிடலாமே" என்று ஒரு தம்பி கேட்டார். இலங்கையில் போட்டுப் பார்த்தார்கள். பெண்களுக்கு மது விற்கக் கூடாது, மதுக்கடையில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்று 1979-ல் விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, நீக்கியது செல்லாது, பழைய விதியே இருக்கட்டும் என்றார். அத்தனை வருஷம் அந்த விதி இருந்ததால் தோட்டத் தொழிலாளி வீட்டில் தமிழ்ப் பெண் அடிபடாமல் இருந்தாளா? குடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஆணிடம் அந்த விதிக்கு எந்த வேலையும் இல்லை. நம் உச்ச நீதிமன்றம் 2007-ல், மதுபானம் பரிமாறும் இடத்தில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்ற பழைய பஞ்சாப் கலால் சட்டப் பிரிவைச் செல்லாது என்றது. பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணை வெளியே தள்ளாதே, இடத்தைப் பாதுகாப்பானதாக ஆக்கு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

கலாச்சாரம் என்கிறார்கள். அதியமானோடு சேர்ந்து கள் குடித்ததை மறைக்காமல் புறநானூற்றில் பாடியவள் அவ்வை. கள்ளுண்ணாமை என்று தனி அதிகாரம் வைத்தவர் வள்ளுவர். அதன் பத்துக் குறளிலும் பெண்ணைத் தனியே பிரித்து அவர் திட்டவில்லை. இரண்டும் நம்முடையதுதான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு தடியைத் தூக்காதீர்கள்.

பெண்ணின் ஆவேசத்தைப் பார்க்க வேண்டுமா? நம் தமிழ்நாட்டிலேயே காட்டுகிறேன். 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். பெரியார் சிறைக்குப் போனார். அவர் துணைவியார் நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் கடை வாசலுக்கு வந்தார்கள். மறியலை நிறுத்துவது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னார். 1930-ல் அதே காந்தி, சாராயக்கடை மறியலைப் பெண்களே எடுத்து நடத்த வேண்டும் என்று எழுதினார். அவருடைய ரத்தம் தோய்ந்த துணியை வைத்திருக்கும் மியூசியம் தமுக்கத்துக்குப் பக்கத்தில், இங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

அது பழைய கதை என்றால் 2017-க்கு வாருங்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. சாலையில் மூடிய கடையைக் கொண்டுபோய் ஊருக்குள், வீடுகளுக்கு நடுவில், பள்ளிக்கூடம் போகிற வழியில் வைத்தார்கள். தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் கிளம்பினார்கள். துடைப்பத்தோடு வந்தார்கள், பெட்டி பெட்டியாகச் சரக்கைத் தூக்கி ரோட்டில் போட்டு உடைத்தார்கள். 2017 ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடை வேண்டாம் என்று மறியல் செய்த பெண்ணின் கன்னத்தில் ஒரு போலீஸ் அதிகாரி ஓங்கி அறைந்தார். அந்த அறையை எல்லோரும் பார்த்தீர்கள். நம் மதுரையில், சட்டக் கல்லூரியில் படித்த நந்தினி, மதுக்கடையை மூடு என்று கேட்டதற்காக எத்தனை முறை போலீஸ் வேனில் ஏற்றப்பட்டார்! குடித்துவிட்டுக் கத்துகிற பெண் இந்த ஊருக்கு வேடிக்கை. குடியை நிறுத்து என்று கத்துகிற பெண் இந்த ஊருக்குத் தொந்தரவு.

சரக்கை விற்பவர் யார்? நம் அரசுதான். 2003-லிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். 2025-ல் கடைகள் 4,700-க்கும் மேல் இருந்தன. 2023-24-ல் அதில் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள், வரவேற்கிறோம், வருமானம் குறையவில்லை. கடையை ஒட்டிய பார் தனியாரிடம் டெண்டரில் போகிறது. ஏலம் எடுத்தவன் போட்ட காசை எடுக்க வேண்டும். கால் தள்ளாடுகிறவனிடம் "போதும்ப்பா, வீட்டுக்குப் போ" என்று அவன் சொல்வானா? நட்சத்திர ஹோட்டல் பாரில் ஏசியும் இசையும் உண்டு, கணக்கு ஒன்றுதான். சண்டை வீடியோவில் மேசையும் தெரிகிறது, கிளாசும் தெரிகிறது. ஐந்தாவது கிளாசை ஊற்றியவர் ஒரு வீடியோவிலும் தெரிவதில்லை.

இனி நான் பேசுவது முன்வரிசையில் இருக்கிற தங்கச்சிகளிடம். "ஆம்பளை குடிக்கலாம், நாங்க குடிச்சா மட்டும் குத்தமா?" என்று நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. 21 வயது நிறைந்தால் சட்டப்படி அவனுக்கு உள்ள உரிமை உனக்கும் உண்டு. அதற்காக உன் மேல் கை வைக்க எவனுக்கும் அதிகாரம் கிடையாது. உன்னை ஒருவன் அடித்தால் நீ குடித்திருந்தாயா என்று கேட்காமல் உன் பக்கம் நிற்போம். இது சத்தியம்.

ஆனால் உன் அக்காவாக இதையும் சொல்லாமல் விட மாட்டேன். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 விழுக்காடு சாராயம். அறுபது கிராம் சுத்தமான ஆல்கஹால் உள்ளே போகிறது. உன் உடம்பில் தண்ணீரின் பங்கு ஆணைவிடக் குறைவு, வயிற்றிலேயே சாராயத்தை முறிக்கிற நொதியும் குறைவு. அவன் குடித்த அளவே நீ குடித்தால் உன் ரத்தத்தில் அதிகம் ஏறும். ஈரல் சீக்கிரம் கெடும். ஆணுக்குப் பல வருஷத்தில் வருகிற அடிமைத்தனம் பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த காலத்தில் வரும். உன்னைச் சுதந்திரமானவள் என்று விளம்பரத்தில் புகழ்கிற கம்பெனி, புது வாடிக்கையாளரைத் தேடி வந்திருக்கிறது. உன் அப்பாவிடம் வசூலித்தது போதாமல் உன்னிடம் வருகிறது. சண்டையில் நீ ஜெயித்தாலும் பில் கட்டுவது நீதான். உன் பாட்டியும் அம்மாவும் எந்த நாற்றத்தைக் கண்டு ஒதுங்கிப் படுத்தார்களோ, அதைச் சமத்துவம் என்று உனக்கு விற்கிறார்கள். நாங்கள் சமத்துவம் கேட்டது சம்பளத்தில், சொத்தில், ராத்திரி பத்து மணிக்குப் பயமில்லாமல் வைகைப் பாலத்தைக் கடப்பதில்.

குடியில் மாட்டிக்கொண்ட தங்கச்சி இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். உன்னைக் கேவலமாகப் பார்க்க மாட்டோம். உன் அண்ணனுக்கு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவர்கள் உனக்கும் வருவோம். போதை மீட்புக்கு 14446 என்ற இலவச எண் இருக்கிறது, பேர் சொல்லாமலே பேசலாம்.

நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். கலெக்டரிடம் கொடுக்கப் போகிற மனுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். போதை தலைக்கேறியவருக்கு, ஆணோ பெண்ணோ, மேலும் ஊற்றிக் கொடுக்கிற பாரின் மேல் நடவடிக்கை வேண்டும். வயதைச் சரிபார்க்காத கடை மேல் வழக்கு வேண்டும். குடித்துவிட்டு வீட்டில் அடித்தான் என்று பெண் புகார் கொடுத்தால், சமாதானம் பேசி அனுப்பாமல் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். அரசு ஆஸ்பத்திரிகளின் போதை மீட்புப் பிரிவில் பெண்களுக்குத் தனி அறையும் பெண் மருத்துவரும் வேண்டும். நான்காவதைச் சேர்க்கச் சொன்னது நெசவு வேலை செய்கிற ஒரு செல்லூர் அம்மா. "எம் மகளக் கூட்டிட்டுப் போனா ஆம்பளைக வரிசையில நிக்க வைக்கிறாக, பிள்ள திரும்பி ஓடிருச்சு" என்றார்.

அடுத்த வீடியோ உங்கள் போனுக்கு வரும்போது அதை யாருக்கும் அனுப்பாதீர்கள். பக்கத்து வீட்டில் இன்றைக்கு ராத்திரி சத்தம் கேட்டால் டி.வி. ஒலியைக் கூட்டாதீர்கள், போய்க் கதவைத் தட்டுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் நாலு பேராகப் போங்கள், 181-க்குக் கூப்பிடுங்கள். காலையில் அவன் பூனை மாதிரி வந்து நிற்பான். "தெரியாமச் செஞ்சுட்டேன்" என்பான். தெரிந்துதான் செய்தாய் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

மேடைக்கு இடது பக்கம் மேசை போட்டிருக்கிறோம். மனுவில் கையெழுத்துப் போடுங்கள், எழுதத் தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வையுங்கள், மை இருக்கிறது. ஆண்களும் போட வேண்டும், முதலில் நீங்கள்தான் போட வேண்டும். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாள். காலை பத்து மணிக்கு கலெக்டர் ஆபீஸ் வாசலில் கூடுகிறோம். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.